மதரஸா வண்டியின் பின் அச்சு



தொழுகையைப் பற்றியும் பிள்ளை வளர்ப்பைப் பற்றியும் எழுதி வரும் நாம், இம்முறை ஒரு பழைய வண்டியின் பின் அச்சையும் பிரேக்கையும் பற்றி எழுத முனைந்துள்ளோம். படிப்போருக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆயினும் சென்ற ஆண்டு எமக்கு நேர்ந்ததை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எழுத மனம் ஒப்பவில்லை.

நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸா மேட்டுப்பாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில் உள்ளது. அறுபது மாணவர்கள் அங்கேயே தங்கி ஓதுகின்றனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் வணிகர் ஒருவர் தம் கடைக்கு ஓடிக்கொண்டிருந்த பிக்கப் வண்டியை மதரஸாவுக்கு அன்பளிப்பாக அளித்தார். அப்போதே அது பழைய வண்டிதான். ஆயினும் அரிசி மூட்டை ஏற்றவும், விறகு கொண்டுவரவும், ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானித் தோல் சேகரிக்கவும், ஏழை வீட்டு மய்யித்துக்குச் சந்தூக்கு எடுத்துச் செல்லவும் அதுவே எமக்குக் கைகொடுத்து வந்தது. மாதம் ஒருமுறை கோத்தகிரிக்கும் செல்வோம். அங்குள்ள தோட்டக்காரர்கள் சிலர் முட்டைக்கோசு, கேரட், பீட்ரூட் ஆகியவற்றை மதரஸா அடுப்படிக்கென்று மனமுவந்து தருவர்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு குறை கண்டோம். சுமை ஏற்றியதும் வண்டியின் பின்புறம் மிகவும் தாழ்ந்து, பள்ளங்களில் டயர் மேலே உரசியது. பின் ஸ்பிரிங் கட்டில் பக்கத்துக்கு இரண்டு பட்டைகள் கூடுதலாகச் சேர்த்தால் சரியாகும் என்றனர். அன்பர் ஒருவர் அதற்கான பணத்தையும் கொடுத்தார். வேலை முடிந்து வந்த வண்டி நிமிர்ந்து நின்றது. பார்த்தவர் எல்லாம், "லாரி மாதிரி நிக்குது ஹஜ்ரத்" என்று பாராட்டினர். நாமும் மகிழ்ந்தோம். அன்று முதல், ஒரு டன் ஏற்ற வேண்டிய வண்டியில் ஒன்றரை டன் வரை ஏற்றத் தொடங்கினோம். பின்புறம் தாழவில்லை என்பதே அதற்கு எமக்கு உத்தரவாதமாக இருந்தது.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, லுஹர் தொழுகையை முடித்துக்கொண்டு கோத்தகிரியிலிருந்து இறங்கினோம். ஓட்டுநர் ஐம்பதைத் தாண்டியவர், மலைப்பாதையில் பழகியவர். நாம் அவர் அருகில் அமர்ந்திருந்தோம். பின்னால் முட்டைக்கோசு மூட்டைகளின் மேல் ஹிஃப்ழு வகுப்பு மாணவர்கள் நால்வர் இருந்தனர். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம் என்பதை நாம் அறியாதவர் அல்லர். பிள்ளைகள் மலை பார்க்க ஆசைப்பட்டனர். மூட்டை ஏற்றி இறக்கவும் கை தேவைப்பட்டது. இவ்வளவே நாம் அன்று எமக்குச் சொல்லிக்கொண்ட காரணங்கள்.

குஞ்சப்பனைக்குச் சற்று மேலே கருகிய வாடை வந்தது. முன்னால் செல்லும் லாரியிலிருந்து வருகிறது என்று எண்ணினோம். அடுத்த வளைவுக்கு முன் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். மிதிகட்டை பஞ்சில் கால் வைத்ததுபோல் உள்ளே சென்றது. மீண்டும் மீண்டும் மிதித்தார். வேகம் சற்றே குறைந்தது, நிற்கவில்லை. "யா அல்லாஹ்" என்றவாறு மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கினார். இயந்திரம் அலறியது. கைப்பிரேக்கை இழுத்தார், அதுவும் பிடிக்கவில்லை. எதிர்ப்புறம் பள்ளம். அவர் வண்டியை மலைச்சுவர்ப் பக்கம் ஒதுக்கி, இடப்புறச் சக்கரங்களை ஓரத்து வடிகாலில் இறக்கினார். சுவரில் உராய்ந்து, சாய்ந்து, ஒருவாறு நின்றது.

நாம் இறங்கிப் பின்னால் ஓடினோம். அல்ஹம்துலில்லாஹ், நால்வரும் நலமாக இருந்தனர். மூட்டை அவிழ்ந்து கோசுகள் சாலையில் உருண்டுகொண்டிருந்தன. பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் தொப்பியைக் காணாமல் தலையில் கை வைத்தவாறு, "ஹஜ்ரத், இறங்கலாமா?" என்று கேட்டான். உத்தரவின்றி அவன் இறங்கவில்லை. எம்மை நம்பி ஏறியவன், எம்மைக் கேட்டே இறங்க நினைத்தான். அந்தக் கேள்விக்கு விடை சொல்ல எமக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் அசைத்தோம்.

மறுநாள் மீட்பு வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்து மெக்கானிக் ஒருவரிடம் ஒப்படைத்தோம். நாற்பது ஆண்டுகளாக மலை வண்டிகளையே பார்த்து வருபவர். பின் சக்கரத்தைக் கழற்றி டிரம்மை உருவினார். உள்ளே கருப்புச் சேறு. அச்சினுள் பல்சக்கரங்களுக்கு ஊற்றும் எண்ணெய் சீலைத் தாண்டிக் கசிந்து, பிரேக் ஷூ முழுவதும் ஊறியிருந்தது. லைனிங் ஆணித்தலை தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. டிரம்மின் உட்புறம் சூட்டினால் நீலம் பாய்ந்து திட்டுத்திட்டாக இருந்தது.

வண்டியின் அடியில் குனிந்து பார்த்துவிட்டு அவர் எழுந்தார். "ஹஜ்ரத், தப்பா நெனச்சுக்காதீங்க. சுமக்கறதுக்குச் செலவு பண்ணியிருக்கீங்க. நிக்கறதுக்குப் பண்ணலீங்க" என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினார். அச்சுக்கூட்டின் மேல் விரல்நுனி அளவில் ஒரு மூச்சுத்துளை உண்டு. ஓட்டத்தில் எண்ணெய் சூடாகும்போது உள்ளே விரியும் காற்று அதன் வழியே வெளியேற வேண்டும். எமது வண்டியில் அது சேறு படிந்து அடைபட்டுக் கிடந்தது. வெளியேற வழியில்லாத காற்று, எண்ணெயைச் சீல் வழியே டிரம்முக்குள் தள்ளிவிட்டது. கைப்பிரேக்கும் அதே பின் ஷூக்களைத்தான் விரிக்கிறது. ஆகவேதான் அதுவும் பிடிக்கவில்லை.

அடுத்து அவர் காட்டியது எமக்கு மேலும் உறைத்தது. வண்டியின் சட்டத்தில் ஒரு சிறு வால்வு உள்ளது. அதிலிருந்து ஒரு கம்பி பின் அச்சுவரை செல்கிறது. சுமை ஏற ஏற வண்டியின் உடல் தாழும். அந்தத் தாழ்வைக் கம்பி வால்வுக்கு உணர்த்தும். வால்வு அதற்கேற்பப் பின் பிரேக்குக்குச் செல்லும் எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டும். வண்டி காலியாக இருக்கையில் அழுத்தத்தைக் குறைத்து, பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு சறுக்காமல் காக்கும். கூடுதல் பட்டைகள் சேர்த்தபின் எமது வண்டி சுமை ஏற்றினாலும் தாழவில்லை. எனவே ஒன்றரை டன்னைச் சுமந்தபோதும் வால்வுக்கு அது காலி வண்டியாகவே தெரிந்தது. பின் பிரேக்குக்குப் போக வேண்டிய அழுத்தம் போகவில்லை. எல்லாப் பாரமும் முன் பிரேக்கின்மேல் விழுந்தது. எந்த நிமிர்வைக் கண்டு நாம் மகிழ்ந்தோமோ, அந்த நிமிர்வே வால்வுக்குப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

முன் பிரேக் அளவுக்கு மீறிச் சூடேறியபோது அதற்குள்ளிருந்த பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழிட்டது. எண்ணெயை அழுத்தினால் அது விசையைக் கடத்தும், குமிழோ அழுத்தினால் சுருங்கும். மிதிகட்டை பஞ்சானது அதனால்தான். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகையின் தர அளவுப்படி, புதிய எண்ணெய் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கலாகாது. ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140 பாகை வரை இறங்கிவிடலாம். ஆகவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையேனும் மாற்ற வேண்டும் என்றார். நாம் கடைசியாக எப்போது மாற்றினோம் என்று கேட்டார். குறைந்தபோது ஊற்றியது நினைவிருந்தது, மாற்றியது நினைவில் இல்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எழுதுகோலை எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வேறுபாடு சுமார் 1,450 மீட்டர். சுமையோடு வண்டியின் எடை மூன்று டன் என்று கொண்டால், அது கீழே வந்து சேர்வதற்குள் செலவழிக்க வேண்டிய ஆற்றல், சாதாரணத் தண்ணீர் 130 லிட்டரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. ரமலானில் எமது பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பெரிய தேக்சா கொதிக்க எவ்வளவு விறகும் நேரமும் ஆகிறது என்பதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். அத்தனை சூட்டையும் இயந்திரமும் காற்றும் டயரும் பிரேக்கும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். தாழ்ந்த கியரில் இறங்கினால் இயந்திரம் பெரும்பங்கை ஏற்கும். மேல் கியரில் இறங்கினால் எல்லாம் பிரேக்கின் தலையில் விழும். ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்று மூத்த ஓட்டுநர்கள் சொல்வதன் பொருள் அன்றுதான் விளங்கியது.

உறங்கவிடாத வேறொன்றும் இருந்தது. அந்த ஆண்டு நாம் ஃபிக்ஹு வகுப்பில் வாடகை பற்றிய பாடத்தை நடத்தியிருந்தோம். ஒருவர் சுமை தூக்க ஒரு கால்நடையை வாடகைக்கு எடுக்கிறார். ஒப்புக்கொண்ட அளவைவிட அதிகமாக ஏற்றுகிறார். அது மடிந்துவிட்டால் அவர் ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் ஆவார். எவ்வளவுக்குப் பொறுப்பு, எந்நிலையில் முழுப் பொறுப்பு என்று மாணவர்களை எழுப்பி எழுப்பிக் கேள்வி கேட்டோம். மூட்டைகளின் மேல் அமர்ந்திருந்த நால்வருள் ஒருவன் அந்த வகுப்பில் சரியான விடை சொன்னவன். வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றத்தகும் எடை அச்சிடப்பட்டு எமது மேசை இழுப்பறையிலேயே இருந்தது. அது கிதாபு அல்ல என்பதால் நாம் அதைப் படிக்கவில்லை போலும்.

நிர்வாகக் குழு கூடியது. சீலும் ஷூவும் மாற்றி ஓட்டலாம் என்றார் ஒருவர். வண்டியை விற்றுவிடலாம் என்றார் மற்றொருவர். மெக்கானிக் கூறியதோ வேறு. டிரம் தேய்மான எல்லையைத் தாண்டிவிட்டது. பேரிங் அமரும் இடம் தேய்ந்து தளர்ந்துவிட்டதால் புதிய சீலும் நெடுநாள் தாங்காது. கிரௌன், பினியன் பற்களிலும் ஓசை வந்துவிட்டது. ஆகவே அதே வரிசையில் பிற்காலத்தில் வந்த வண்டியின் முழுப் பின் அச்சையும், சற்றுப் பெரிய டிரம்மோடு பொருத்துவதே நிலையான தீர்வு என்றார். செலவு ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். ஜகாத் கணக்கிலிருந்து இதற்கு ஒரு ரூபாயும் எடுக்கலாகாது என்பதில் அனைவரும் ஒருமனமாக இருந்தோம். பொது நன்கொடையிலிருந்து ஒரு பகுதி எடுத்தோம். குற்றத்தில் பெரும்பங்கு எம்முடையது என்பதால் எமது சம்பளத்திலிருந்தும் மாதந்தோறும் ஒரு தொகை பிடித்துக்கொள்ளுமாறு கேட்டோம். தலைவர் முதலில் மறுத்தார், பின்னர் இசைந்தார்.

கோவை உக்கடத்துப் பழைய உதிரிபாகக் கடைகளில் இரண்டு நாள் தேடினோம். பெரியது கிடைத்தால் போதும் என்றே நாம் எண்ணியிருந்தோம். மெக்கானிக் அளவுநாடாவும் வெர்னியர் அளவியும் கொண்டு வந்தார். அச்சின் முழு அகலம், ஸ்பிரிங் அமரும் இரண்டு மேடைகளுக்கு இடைப்பட்ட தூரம், சக்கர ஆணிகளின் எண்ணிக்கையும் வட்டமும், பெரிய டிரம்மைச் சுற்றி எமது சக்கரம் தடையின்றி அமருமா என்பது, புரொப்பெல்லர் தண்டின் நீளம், பினியன் நோக்கும் கோணம் என ஒவ்வொன்றையும் அளந்தார். கிரௌன், பினியன் பற்களை எண்ணி விகிதத்தையும் பார்த்தார். விகிதம் மாறினால் வேகமும் இழுவையும் மாறும். கியர்பெட்டியிலிருந்து ஓடும் வேகமானியும் தவறாகக் காட்டும். முதலில் பார்த்த இரண்டு அச்சுகள் தள்ளப்பட்டன. மூன்றாவது பொருந்தியது. ஆயினும் அதன் டிரம்களை அளந்தபோது, அவை கடைசல் இயந்திரத்தில் அளவுக்கு மேல் கடையப்பட்டிருந்தன. டிரம்மின் மீதே அதன் உச்ச விட்டம் வார்க்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டினால் சுவர் மெலிந்து, சூட்டைத் தாங்காமல் வெடிக்கும். அச்சை மட்டும் வாங்கி, டிரம், ஷூ, வீல் சிலிண்டர், சீல் ஆகியவற்றைப் புதிதாக வாங்கினோம்.

பெரிய டிரம்மினால் என்ன பயன் என்று கேட்டோம். கிணற்று ராட்டினத்தை அச்சருகே பிடித்து நிறுத்துவதற்கும் விளிம்பில் பிடித்து நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாடே என்றார். அதே விசை, மையத்திலிருந்து தள்ளி அழுத்தினால் நிறுத்தும் வலிமை கூடும். சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பும் கூடுதல். டிரம் பிரேக்குக்கு இன்னொரு தன்மையும் உண்டு. சுழலும் திசையோடு தள்ளப்படும் ஷூவை டிரம்மே தன்பால் இழுத்து மேலும் அழுத்திக்கொள்ளும். ஆகவே குறைந்த மிதிக்கு நிறைந்த பிடி கிடைக்கும்.

அப்படியானால் பின் பிரேக்கை இன்னும் பெரிதாகவே போட்டுவிடலாமே என்று நாம் கேட்டதும் அவர் சிரித்தார். "அதுவும் ஆபத்துங்க ஹஜ்ரத். காலி வண்டியில, மழையில பின்னாடி மட்டும் பூட்டுச்சுன்னா வண்டி சுத்தி நிக்கும்" என்றார். வீல் சிலிண்டர் பெரிதானால் மாஸ்டர் சிலிண்டர் கூடுதல் எண்ணெய் அனுப்ப வேண்டும். இல்லையேல் மிதி ஆழமாகச் செல்லும். ஒன்றை மாற்றினால் அதனோடு இணைந்த அனைத்தையும் பார்த்தே ஆக வேண்டும் என்பதை அவரிடம் கற்றோம்.

இவ்வாறு மாற்றுவது சட்டப்படி சரிதானா என்பதையும் முன்கூட்டிக் கேட்டறிந்தோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விவரம் சொல்லி, கேட்ட தாள்களைக் கொடுத்து, அவர்கள் சரி என்ற பின்னரே வேலையைத் தொடங்கினோம். வலிய அச்சு வந்ததால் ஏற்றத்தகும் எடை கூடிவிடாது. அது ஆர்.சி. புத்தகத்தில் உள்ளபடியேதான் இருக்கும்.

வேலை ஒரு வாரம் நடந்தது. ஓய்வு நேரங்களில் நாமும் சென்று அமர்ந்திருந்தோம். டிரம்மிலுள்ள தூசியைக் காற்றடித்து ஊதாமல், நீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தார். பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம், அத்தூள் நுரையீரலுக்குக் கேடு என்றார். முதல் வேலையாக மூச்சுத்துளையைக் கழுவி, காற்று போகிறதா என்று வாயால் ஊதிப் பார்த்தார். எங்கள் கூடுதல் பட்டைகளைக் கழற்றி எறிந்து, ஸ்பிரிங் கட்டைப் பழைய அளவுக்கே கொண்டுவந்தார். வால்வின் கம்பியை அந்த உயரத்துக்கு ஏற்ப அமைத்தார். எண்ணெய்க் குழாய்களிலுள்ள காற்றை, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்கி வெளியேற்றினார். பின்னர் வெற்றுத் திடலில், முதலில் காலியாகவும் அடுத்து அளவான சுமையோடும் மிதித்துப் பார்த்தார். காலி வண்டியில் முன் சக்கரங்களுக்கு முந்திப் பின் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளவில்லை என்று கண்டபின்பே சாவியைக் கொடுத்தார்.

இப்போதும் மாதம் ஒருமுறை கோத்தகிரி சென்று வருகிறோம். ஒரு டன்னுக்கு மேல் ஏற்றுவதில்லை. மிஞ்சிய காய்கறிக்கு இரண்டாம் நடை செல்கிறோம், அல்லது அங்கேயே ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வருகிறோம். சுமை ஏறினால் வண்டி தாழ்கிறது. பார்ப்பவர், "பின்னாடி உக்காந்துருச்சே ஹஜ்ரத்" என்கின்றனர். ஆம், அது தாழத்தான் வேண்டும் என்கிறோம். மாணவர்கள் பேருந்தில் வருகின்றனர். மூட்டை ஏற்ற அங்கேயே ஒருவருக்குக் கூலி கொடுக்கிறோம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்புச் சாட்டுமாறு வழிகாட்டும் நபிமொழியை நாம் எத்தனையோ ஜும்ஆ பயானில் எடுத்துச் சொல்லியிருக்கிறோம். அன்று வண்டியில் ஏறும்போது பிரயாண துஆவையும் தவறாமல் ஓதினோம். ஓதியது சரியே. ஓதுவதற்கு முன் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. பள்ளி வண்டி, மதரஸா வண்டி, ஜமாஅத் வண்டி என்று பொதுப் பொறுப்பில் ஓடும் எத்தனையோ பழைய வண்டிகள் நம்மிடையே உள்ளன. அவற்றில் ஏறுவோர் நம்மை நம்பியே ஏறுகின்றனர். பிரேக் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது, டிரம் எப்போது கழற்றிப் பார்க்கப்பட்டது, புத்தகத்தில் எழுதியுள்ள எடை எவ்வளவு என்னும் மூன்று கேள்விகளையேனும் இவ்வாரம் கேட்டுப் பாருங்கள். எஃப்.சி. பார்க்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டா.

கழற்றிய பட்டைகளுள் ஒன்றை மாணவர்கள் கேட்டு வாங்கி, வராந்தாவில் கயிறு கட்டித் தொங்கவிட்டுள்ளனர். வகுப்பு மணி இப்போது அதில்தான் அடிக்கப்படுகிறது. அன்று தொப்பியைத் தொலைத்த சிறுவனுக்கே அந்தப் பணி. ஒவ்வொரு வகுப்புக்கும் அந்த ஓசையைக் கேட்டே எழுந்து செல்கிறோம்.

எம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டவற்றில் நாம் செய்த குறைகளை அல்லாஹ் மன்னிப்பானாக. பயணம் செய்வோர் அனைவரையும் நலமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன்.